ரெண்டு வரி விட்டு எழுது

1998 டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நாங்கள் வீடு மாற்றினோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. போலீஸ் லைனில், அதாவது காவலர் குடியிருப்பில், வளர்ந்த பிள்ளைகளுக்கு வீடு மாறுவது புதுசில்லை. ஆனால் அது மே மாதத்தில் நடக்கும். வருஷத்தின் நடுவில் டி.சி. வாங்குகிறார்கள் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று லைனில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டு அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா அந்த ஸ்டேஷனில் ரைட்டர். ஏட்டுதான் பெரும்பாலும் ரைட்டராக இருப்பார். எஃப்.ஐ.ஆர். எழுதுவது, கேஸ் கட்டு தைப்பது, கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்புவது எல்லாம் அவர் தலையில். அதோடு ஜெனரல் டைரி. ஸ்டேஷனில் அதை ஜி.டி. என்பார்கள். பக்க எண் அச்சிட்ட பெரிய புத்தகம். கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும். எத்தனை மணிக்கு பாரா, அதாவது காவல் நிற்கிற ஆள், மாறியது, யார் பீட் போனார்கள், யார் என்ன புகாரோடு வந்தார்கள், யாரை எப்போது பிடித்து வந்தார்கள் என்று ஒரு நாளின் அத்தனையும் மணி போட்டு அதில் ஏற வேண்டும்.

அன்று ராத்திரி ஒரு பையனைத் திருட்டுக் கேஸில் கூட்டிவந்திருந்தார்கள். அதிகாரி அப்பாவிடம் சொன்னது நாலே வார்த்தை. “ரெண்டு வரி விட்டு எழுதுய்யா.”

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவே சொல்வது அது. ஜி.டி.யில் இரண்டு வரி காலியாக இருந்தால், அந்தப் பையன் எப்போது வந்தான் என்பதை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம், நாளை மறுநாளும் எழுதிக்கொள்ளலாம். நடுவில் உள்ள நேரம் கணக்கில் வராது. அப்பா வரி விடவில்லை. 21.40 என்று மணி போட்டு, பையன் பெயரை எழுதி, அடுத்த வரியில் பாரா மாற்றத்தை எழுதிவிட்டார். பத்து நாளில் மாறுதல் ஆணை வந்தது. ரோல் காலுக்குத் தாமதமாக வந்தார் என்று ஒரு 3(ஏ) மெமோவும், அதாவது சிறு தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பும், கூடவே வந்தது.

இதை அப்பா எங்களிடம் சொன்னது ஓய்வு பெற்ற பிறகுதான். 2023-இல் எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள காவல் அருங்காட்சியகத்துக்கு அவரைக் கூட்டிப்போயிருந்தேன். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகமாக இருந்த பழைய கட்டடம் அது. 1842-இல் 21,000 ரூபாய்க்கு வாங்கப்பட்ட பங்களா. அலுவலகம் வேப்பேரிக்கு மாறியதும் புதுப்பித்து, 2021-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய துப்பாக்கிகள், வயர்லெஸ் கருவிகள், பெல்ட்டுகள், பேட்ஜுகள், உயரமான அந்தக் காலத்துத் தொப்பி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், சீருடைகளின் முன்னால் நின்றுவிட்டார். “எங்க சீனியர் ஆளுங்கெல்லாம் நிக்கர் போட்டு பாரா நின்னவங்க பாப்பா. கொசு பிடுங்கித் தின்னுடும்,” என்றார். அப்புறம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தபோது அந்த ரெண்டு வரிக் கதை வந்தது.

அன்றிலிருந்து தமிழ்நாட்டுக் காவல்துறை எப்படி உருவானது என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்பாவின் முப்பத்தாறு வருஷ உழைப்பைப் புரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை. படிக்கப் படிக்க ஒன்று மட்டும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. இந்தத் துறையே சித்திரவதை பற்றிய ஓர் அறிக்கையிலிருந்து பிறந்தது.

சரி, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘காவல்’ என்ற சொல் நம் ஊரில் துறைக்கு முன்னாலேயே இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்று ஒரு வரி வரும். ஊரைக் காப்பதற்கு ஊரார் கொடுத்தது. பின்னால் பாளையக்காரர் காலத்தில் தெற்குச் சீமையில் ஸ்தலக்காவல், தேசக்காவல் என்று இரண்டடுக்கு வந்தது. ஒரு கிராமத்தைக் காக்கிறவர் ஸ்தலக்காவல். ஒரு வட்டாரத்தையே காக்கிறவர் தேசக்காவல். இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: மாடு திருட்டுப் போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். திருட்டுப் போன பொருளுக்குத் துப்புச் சொல்ல ஒரு கூலி உண்டு, துப்புக்கூலி என்று பெயர். திருடியவருக்கே அந்தக் கூலி போய்ச் சேர்ந்த கதைகளும் ஏராளம். காவல் கேட்டு மிரட்டிய கதைகளும் உண்டு. அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் காவல் என்பது ஒரு சாதியாருக்கு உரிமையாகவும் பிழைப்பாகவும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பின்னால் மிகக் கொடூரமாகத் திரும்பி வந்தது.

பாளையக்காரர் போர்கள் முடிந்து கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கில் தொங்கிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் காவல் உரிமைகளைப் பறித்தது. 1816-இல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி வந்த சட்டம், போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டரிடம் கொடுத்தது. தாலுகாவில் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவர். கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும். கேட்க எளிமையான ஏற்பாடு. ஆனால் வரி வசூலிக்கிறவன் கையிலேயே ஆளைப் பிடித்து அடைக்கிற அதிகாரமும் இருந்தது. வரி பாக்கிக்காரனையும் திருடனையும் ஒரே சேவகன்தான் இழுத்து வந்தான். இருவருக்கும் ஒரே மருந்துதான் கொடுத்தான்.

அந்த மருந்துக்குத் தமிழில் பெயர்கள் இருந்தன. கிட்டி என்பது எலுமிச்சம்பழம் பிழிகிற கருவி மாதிரி இரண்டு கட்டைகள். அதற்கு நடுவில் விரலையோ தொடையையோ வைத்து நெரிப்பார்கள். அண்ணந்தாள் என்பது கழுத்தில் கயிறு போட்டு, குனியவைத்து, கால் பெருவிரலோடு சேர்த்துக் கட்டிவிடுவது. அப்படியே வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், சில சமயம் முதுகில் கல்லையும் ஏற்றுவார்கள். லண்டன் நாடாளுமன்றத்தில் 1854-இல் இது பேச்சாகி, சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். ஆயிரத்து தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. நேரில் வந்து சொன்னவர்களில் சிலர் நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்தவர்கள். அந்தக் கூட்டத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், தன்னை அடித்த சேவகனைப் பற்றிச் சொல்ல ஒரு விவசாயி சென்னைக்கு நடந்து வருகிறான். வழியில் சோறு எங்கே தின்றான், திரும்பிப் போன பிறகு அவன் ஊரில் என்ன நடந்தது என்று எந்த அறிக்கையிலும் இல்லை.

1855-இல் வந்த அந்த அறிக்கை, வரிவசூலுக்கும் போலீஸுக்கும் சித்திரவதை பழக்கமாகவே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. வரியையும் போலீஸையும் பிரித்துவிடுங்கள் என்றது. லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் 1857-இல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் இந்த அறிக்கையை எடுத்துப் பேசியிருக்கிறார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம், சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம். இந்தியா முழுவதற்குமான போலீஸ் சட்டம் 1861-இல்தான் வந்தது. நம்முடையது அதற்கு இரண்டு வருஷம் மூத்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் மாவட்டப் போலீஸுக்கு அடிப்படை அந்த 1859 சட்டமே. மாநகரத்துக்கு 1888-இல் தனிச் சட்டம். அதுவும் உயிரோடு இருக்கிறது.

புதிய துறையைக் கட்டி எழுப்பியவர் வில்லியம் ராபின்சன், முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். அயர்லாந்தில் பிரிட்டிஷார் வைத்திருந்த போலீஸ் படையே முன்மாதிரி. இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். லண்டன் நகரப் போலீஸ் ஆயுதம் இல்லாமல் தெருவில் நடக்கிற போலீஸ். அயர்லாந்துப் படையோ துப்பாக்கியோடு முகாமில் தங்கி, அடங்காத ஒரு நாட்டை அடக்கி வைப்பதற்காக ஏற்பட்டது. நமக்கு இரண்டாவதைக் கொடுத்தார்கள். சித்திரவதையை ஒழிக்கப் புறப்பட்ட சட்டம், படை மாதிரி ஓர் அமைப்பைக் கொண்டுவந்து நிறுத்தியது. அணிவகுப்பு, கட்டளை, தண்டனை, லைன் வீடு எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ராபின்சன் 1865-இல் மெரினா கடற்கரையில் ஒரு கட்டடத்தை மாதம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்துத் தன் அலுவலகத்தை வைத்தார். அதற்கு முன் ஃப்ரீமேசன் என்ற சங்கத்தாரின் கூடமாக இருந்தது. 1874-இல் 20,000 ரூபாய்க்கு அரசு அதை வாங்கிவிட்டது. காமராஜர் சாலையில் இன்று டி.ஜி.பி. அலுவலகமாக இருக்கிறதே, வெள்ளைத் தூண்களோடு, அதேதான். 1990-களில் இடித்துவிடுவதாக இருந்து, பாரம்பரிய ஆர்வலர்களின் முயற்சியால் தப்பியது. தப்பியதில் எனக்குச் சந்தோஷம். அப்பா ஒரே ஒருமுறை அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறார், ஒரு கோப்பைக் கொடுக்க. “ஃபேன் காத்து வேண்டாம்மா, கடல் காத்தே போதும்,” என்று அதை இன்னும் சொல்வார்.

காவல் உரிமையைப் பறிகொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஊரைக் காத்துப் பிழைத்த கள்ளர், மறவர் மக்கள் பலருக்கு அந்தப் பிழைப்பு போயிற்று. ஆனால் அரசின் கண்ணில் அவர்கள் சந்தேகத்துக்குரியவர்களாகவே தங்கிவிட்டார்கள். 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. தெற்கே அதை ‘ரேகைச் சட்டம்’ என்று சொல்வார்கள், கைரேகை எடுத்ததால். ஆண்கள் ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனிலோ போலீஸ்காரர் காட்டிய இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். கல்யாணமான புதுமாப்பிள்ளைக்கும் அதுதான். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சட்டம் 1947-இல்தான் நீங்கியது. காவல் என்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகளைக் காவல் நிலையத்தில் படுக்க வைத்தார்கள் என்பதை என்னால் ஆறிப்போன செய்தியாகப் படிக்க முடியவில்லை. என்னோடு லைனில் விளையாடிய பிள்ளைகளில் பலர் அந்த மக்களின் வாரிசுகள். அவர்களின் அப்பாக்கள் எல்லாம் காக்கி போட்டிருந்தார்கள்.

1902-இல் கர்சன் பிரபு அமைத்த போலீஸ் கமிஷன் இந்தியா முழுவதும் சுற்றிவிட்டு, போலீஸ் திறமையற்றது, பயிற்சியற்றது, மக்கள் அதை நம்பவில்லை என்று எழுதியது. அதன் பலனாக நேரடி நியமன சப்-இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். 1906-இல் சென்னைக்கு சி.ஐ.டி. வந்தது. 1919-இல் பராங்குசம் நாயுடு சென்னையின் முதல் இந்தியக் கமிஷனர் ஆனார். மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் செய்த கலகத்தை ஒட்டி 1921-இல் மலபார் சிறப்புப் போலீஸ் படை உருவானது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது மலபார் கேரளத்தோடு போயிற்று. கன்னியாகுமரி அதே வருஷம் நம் பக்கம் வந்தது. வேலூரில் 1896-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி 1976-இல் சென்னை அசோக் நகருக்கு மாறியது; இப்போது அதிகாரிகளுக்கான அகாதமி வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் 2008 முதல் இருக்கிறது.

சரி, இன்றைக்கு இந்தத் துறை எப்படி இருக்கிறது? செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கே எஸ்.பி., ஐ.ஜி., கமிஷனர் எல்லாம் குழம்பும். அப்பா எனக்குக் கீழேயிருந்து மேலே சொல்லிக் கொடுத்தார், நானும் அப்படியே சொல்கிறேன்.

அடியில் ஸ்டேஷன். அதற்குப் பொறுப்பு இன்ஸ்பெக்டர், அவருக்குக் கீழே எஸ்.ஐ.க்கள். சில ஸ்டேஷன்கள் சேர்ந்து உட்கோட்டம், அதற்கு டி.எஸ்.பி. மாவட்டத்துக்கு எஸ்.பி. இரண்டு மூன்று மாவட்டங்கள் சேர்ந்து சரகம், அதற்கு டி.ஐ.ஜி. சரகங்கள் சேர்ந்து மண்டலம், அதற்கு ஐ.ஜி. வடக்கு, மத்தி, மேற்கு, தெற்கு என்று நான்கு மண்டலங்கள். எல்லாவற்றுக்கும் மேலே டி.ஜி.பி. பெரிய நகரங்கள் இந்த ஏணியில் சேராது, அங்கே கமிஷனர். சென்னை, மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லை, திருப்பூர் ஆகிய ஏழோடு 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் சேர்ந்து ஒன்பது ஆயிற்று.

மாவட்டத்துக்கும் மாநகரத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் பெயரில் இல்லை. மாவட்டத்தில் ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வேண்டுமானால் எஸ்.பி. பரிந்துரைக்க, கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். மாநகரத்தில் கமிஷனரே போட்டுவிடலாம். ‘குண்டாஸ்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சட்டம் 1982-இல் வந்தது. ஒரு வருஷம் வரை விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். வரிக்காரரையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்று 1855-இல் சொன்னது நியாயம்தான். ஆனால் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் ஒருவராக இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. கலெக்டர் கையெழுத்துப் பல சமயம் சடங்காகிவிடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மேஜையாவது கூடுதலாகத் தாண்ட வேண்டுமே.

ஸ்டேஷனுக்கு வெளியே தனித்தனிப் பிரிவுகள். பட்டாலியன் என்று நாம் சொல்லும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை ஆவடி, மணிமுத்தாறு, பழனி, போச்சம்பள்ளி, உளுந்தூர்பேட்டை என்று ஊர் ஊராக முகாமிட்டிருக்கிறது. அதில் ஒரு அணி டெல்லியில் திகார் சிறையைக் காவல் காக்கிறது. சி.பி.சி.ஐ.டி., பொருளாதாரக் குற்றப்பிரிவு, தீவிரவாதக் குழுக்களைக் கவனிக்கும் கியூ பிரிவு, ரயில்வே, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்று பட்டியல் நீளும். இவற்றில் எனக்குப் பிடித்தது 1983-இல் தொடங்கிய சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு. ஒரு மாநிலப் போலீஸ், தன் ஊர்க் கோயில் சாமியைத் தேடிக் கடல் கடந்து வழக்குக்குப் போன கதைகள் அதில் உண்டு. பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றம்வரை போய் 1991-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். பழைய கோயில் புகைப்படங்களைச் சிலையோடு பொருத்திப் பார்க்கும் அந்த வேலைக்கு லத்தி தேவைப்படவில்லை.

அப்புறம் தனிப்பிரிவு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஃப்டியில் ஒருவர் இருப்பார். டீக்கடை, கட்சி அலுவலகம், கோயில் திருவிழாக் கமிட்டி எங்கும் அவருக்கு ஆள் தெரியும். அவர் அறிக்கை போவது நேரே எஸ்.பி.க்கு. அதனால் ஸ்டேஷனில் இருப்பவர்கள் அவர் முன்னால் கொஞ்சம் அடக்கமாகவே பேசுவார்கள். ஊரைக் கவனிக்க வைத்தவர் ஸ்டேஷனையும் கவனிப்பார்.

பெண்கள் வந்தது 1973-இல். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, இருபது காவலர்கள், அவ்வளவுதான். 1976-இல் திலகவதி ஐ.பி.எஸ். தேர்வாகி, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பணிக்குப் போன முதல் பெண் ஆனார். 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. லத்திகா சரண் 2006-இல் சென்னைக் கமிஷனர், 2010-இல் டி.ஜி.பி. எங்கள் லைனில் முதன்முதலாக ஒரு பெண் காவலர் குடிவந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருடைய பூட்ஸை வாசலில் பார்ப்பதற்காகவே நாங்கள் பெண்பிள்ளைகள் நாலு பேர் அந்தப் பக்கமாக நடந்து போனோம். மகளிர் நிலையத்துக்குப் போன என் சிநேகிதி ஒருத்தி, “உட்காருங்கன்னு சொன்னாங்கடி” என்றாள். அதற்குமேல் அவள் வேறொன்றையும் சொல்லவில்லை; எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இத்தனை அடுக்குக்கும் கடைசியில் இருப்பவர் இரண்டாம் நிலைக் காவலர். அப்பா காலத்துக் கணக்கு இப்படி: பத்து வருஷம் முடித்தால் முதல்நிலை, அதற்குமேல் ஐந்து வருஷத்தில் ஏட்டு, மேலும் பத்து வருஷத்தில் சிறப்பு எஸ்.ஐ. இருபத்தைந்து வருஷ ஓட்டம். சங்கம் வைக்க உரிமை கிடையாது. 1966-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாரத்தில் ஒருநாள் லீவு என்பதே 2021 நவம்பரில்தான் அரசாணையாக வந்தது. ஆர்டர்லி முறையை 1979-இலேயே ஒழித்தாகிவிட்டது என்று ஆணை இருக்கிறது. ஆனாலும் அதிகாரிகள் வீட்டில் காவலர்கள் துணி துவைப்பதும் நாயைக் குளிப்பாட்டுவதும் நிற்கவில்லை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் கையில் எடுத்துக் கண்டிக்க வேண்டியிருந்தது. வீட்டில் அண்டா கழுவிவிட்டு வந்த மனிதனை மதியம் சட்டத்தின் பிரதிநிதியாக நில் என்றால் அவன் யார் மாதிரி நிற்பான்?

என் மனசில் உள்ளதை இங்கே நேராகச் சொல்லிவிடுகிறேன். 1859-இல் அடிக்கிற கை மாறியது. தாசில்தாரின் சேவகன் போய்க் கான்ஸ்டபிள் வந்தான். ஆனால் அந்தக் கையிடம் மேலே உள்ளவர்கள் எதிர்பார்த்தது மாறவில்லை. சீக்கிரம் ஒப்புக்கொள்ள வை, சீக்கிரம் பொருளை எடு, எண்ணிக்கை காட்டு. சட்டம் எழுதியவர்களுக்கே இது தெரிந்திருந்தது. அதனால்தான் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் எழுதினார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே தொடர்கிறது. நூற்றைம்பது வருஷமாக நம் சட்டம் தன் போலீஸின் காகிதத்தையே நம்பவில்லை. அதே சட்டத்தில் ஒரு வாசலும் வைத்தார்கள்: வாக்குமூலத்தால் பொருள் ஏதாவது கிடைத்தால் அந்த அளவுக்கு அது செல்லும். அந்த வாசல் வழியாகத்தான் ராத்திரி நேர ‘விசாரணை’ எல்லாம் உள்ளே வருகிறது.

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொன்னது, அதிகாரிகளுக்கு நிலையான பதவிக்காலம் கொடுக்கச் சொன்னது, போலீஸ்மீதான புகாருக்குத் தனி ஆணையம் கேட்டது. தமிழ்நாட்டில் 2013-இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். காவல் கமிஷன்களும் 1969-இல் ஆர்.ஏ. கோபாலசாமி தலைமையில் தொடங்கி வரிசையாக வந்திருக்கின்றன. சம்பளம், குடியிருப்பு, ஆள் எண்ணிக்கை இவற்றில் அவை நிறையச் செய்தன. 1981-இல் காவலர் வீட்டுவசதிக் கழகம் வந்த பிறகு லைன் வீடுகள் ஓட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியதை நானே பார்த்தேன். ராமநாதபுரத்தில் 1993-இல் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ மாதிரி நல்ல எண்ணத்தோடு வந்த முயற்சிகளும் உண்டு. ஸ்டேஷன் சுவரில் ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன்.

2020 ஜூன் மாதம், ஊரடங்கின் நடுவில், சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். கடையை நேரம் தாண்டித் திறந்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 22-ஆம் தேதி இரவு மகனும், 23-ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டியில் உயிர்விட்டார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் ஒவ்வொரு நாளும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று எழுதினார். வன்தட்டில் வேண்டிய இடம் இருந்தும் பழைய நாள் எதுவும் அதில் இல்லை.

அதைப் படித்த அன்று அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்போது எனக்குக் காரணம் தெரியாது. எழும்பூர் மரத்தடியில் அவர் ரெண்டு வரிக் கதையைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. காலி வரி இப்போது கேமராவுக்குள் போயிருந்தது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்போது போட்ட உத்தரவு ஒன்றை அதற்குப் பிறகு நான் பலமுறை படித்திருக்கிறேன். தடயங்கள் அழியாமல் இருக்க, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த்துறை தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சித்திரவதையைத் தடுக்க வருவாய்த்துறையிடமிருந்து போலீஸைப் பிரித்தது 1859. அதே காரணத்துக்காக ஒரு போலீஸ் ஸ்டேஷனை வருவாய்த்துறை கையில் கொடுக்க வேண்டி வந்தது 2020-இல். 161 வருஷம். கமிஷனுக்கு முன்னால் நடந்து வந்த அந்த விவசாயிகளை நினைத்து அன்று நான் அழுதேன்.

அந்த ஸ்டேஷனில் ஒரு பெண் ஏட்டு இருந்தார். என்ன நடந்தது என்பதை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அவர். சுற்றிலும் உடன் வேலை பார்ப்பவர்கள் நிற்க, பயந்துபோய், கையெழுத்துப் போட வெகுநேரம் தயங்கி, கடைசியில் போட்டார் என்று மாஜிஸ்திரேட்டின் அறிக்கையிலேயே இருக்கிறது. அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்து, பதிவுகளைப் பதினெட்டு மாதம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அப்பாவுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். ஆனாலும் எழுதுவதை விடவில்லை. சமையலறை அலமாரியில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. காலையில் எழுந்ததும் எழுத ஆரம்பிப்பார். போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். ‘05.50 பால் வந்தது. 06.15 மோட்டார் போட்டது. 06.40 மோட்டார் நிறுத்தியது. 09.05 கேஸ் சிலிண்டர், ரசீது பெறப்பட்டது. 11.30 மகள் சென்னையிலிருந்து வருகை, நலம்.’ பக்கம் பக்கமாகத் திருப்பினேன். எந்த இடத்திலும் ஒரு வரி விட்டிருக்கவில்லை.